ஜெய்சன் எந்தப் பக்கம்

— …இட்லிக்குப் பொடி இல்லையாம்மான்னு கேட்டான். நாளைக்கு அரைக்கிறேன்டான்னேன். வண்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

— பொடி கெடக்கட்டும், ஐரின். தேதியச் சொல்லு. புதன், பன்னெண்டுதான?

— மூணு வருசமா எத்தன தடவ கேப்பீங்க? பன்னெண்டுதான். கே.கே. நகர் வளைவுல வண்டி உரசுனதுக்கு அந்தச் சூரியபிரகாஷ் பய குத்திட்டான். பதினஞ்சு, சனிக்கெழம, நம்ம புள்ள ஜெய்சன் போயிட்டான். போதுமா வாத்தியாரே?

— போதாது. நடுவுல, பதினாலாந் தேதி, வேற ஒரு கேசுல ஒருத்தனுக்குத் தூக்குன்னு தீர்ப்பு வந்துச்சுல்ல? ஊரே பேசுச்சு. அதுக்கு முன்னாடி நூறு நாள், பின்னாடி நூறு நாள். மதுரச் சுத்துவட்டாரத்துல எம்புட்டுக் கொலன்னு பழைய பேப்பரெல்லாம் பாத்து நோட்டுல எழுதிட்டேன்.

— ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாருக்கு வேற என்ன சோலி!

— நக்கல் பண்ணாத. சூரியபிரகாஷுக்கு என்ன தண்டனன்னு நாளைக்கு முடிவு பண்றாங்க. தூக்கு கேக்கவா வேண்டாமான்னு அரசு வக்கீலு இன்னைக்குள்ள பதில் சொல்லச் சொன்னாரு. தூக்கப் பாத்து எவனாவது பயந்து, இன்னொரு வீட்டுல ஒரு புள்ள பொழைக்கும்னா, கேப்பேன். இல்லேன்னா வேண்டாம்.

— நோட்டு என்ன சொல்லுது?

— முன்னாடி முப்பத்தொண்ணு. பின்னாடியும் முப்பத்தொண்ணு.

— அப்ப ஒண்ணுமே சொல்லலையே.

— இன்னும் ஜெய்சனச் சேக்கல.

— ஆண்டவரே!

— குத்துனது பன்னெண்டு. முன்பக்கம் எழுதுனா, தூக்குக்குப் பெறகு கொல கொறஞ்சிருச்சுன்னு ஆகுது. செத்தது பதினஞ்சு. பின்பக்கம் எழுதுனா, கூடிப்போச்சுன்னு ஆகுது. எழுதி எழுதி அழிச்சதுல தாளே ஓட்டையாப் போச்சு.

— ஒத்த ஆள வச்சு அம்புட்டும் மாறுமா? உங்க பள்ளிக்கொடத்துப் பயலுக இப்படிக் கணக்குப் போட்டிருந்தா முட்டி போட வச்சிருப்பீங்க.

— தெரியும். எனக்கு இருந்தது அந்த ஒத்த ஆளுதான், ஐரின்.

— இந்தா பாருங்க… ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

— சொல்லு.

— பதிமூணாந் தேதி மத்தியானமே டாக்டர் என்னயத் தனியாக் கூப்ட்டுச் சொல்லிட்டாரு. மூள செத்துப்போச்சு, மிஷின்தான் மூச்சு விடுதுன்னு. உங்களுக்கு அப்பத்தான் நெஞ்சுவலி வந்து தேறியிருந்துச்சு. சனிக்கெழம வரைக்கும் மறைச்சுட்டேன்.

— பதிமூணா?

— தீர்ப்புக்கு மொத நாளு. முன்பக்கமே எழுதிக்கங்க.

— எழுதுனா தூக்கு கேக்கணுமே.

— கேக்கணுமா? எனக்கு என்னங்க தெரியும்? நோட்டுதான் சொல்லணும்னு நீங்கதான சொன்னீங்க.

— பதினாலாந் தேதி ஐசியூவுக்கு வெளிய டிவில அந்தத் தீர்ப்பு ஓடிக்கிட்டிருந்துச்சு. நான் உள்ள உக்காந்து அவனுக்கு நகம் வெட்டிவிட்டேன்.

— கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன்.

— பாத்துட்டுமா சொல்லல?

— வாய் வரல.

— ஐரின், கை சூடாத்தான் இருந்துச்சு.