கயிறு கட்டிய கை

ஸ்ரீவைகுண்டத்தில் ஏறிய இரண்டு பெண்கள் திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சன்னலோரம் இருந்த இளையவள், வெயிலைப் பற்றிப் பேசுகிறவள்போலச் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரரு இப்ப இடது கையாலதான் குடிக்காரு.”

மூத்தவள் சட்டென்று திரும்பினாள். “ஏட்டி, இனிமே குடிக்க மாட்டேன்னு போன மாசந்தான கோயில்ல சத்தியம் பண்ணிக் கயிறு கெட்டிட்டு வந்தான்?”

“கெட்டுனது வலது கையிலல்லா? அந்தக் கையால கிளாசத் தொடாம இருந்தா குத்தமில்லையாம். கூடக் குடிக்கவனுவளும் அப்படித்தான் சொல்லுதானுவளாம்.”

“சாமியவே ஏமாத்துதானுவளே! இந்த மூளைய வேலையில காட்டிருந்தா உருப்பட்டிருப்பானுவ. கயிறு பத்திரமா இருக்குல்லா?”

“அதுக்கென்ன கொறச்சல்? அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் கடைக்கே கெளம்புதாரு.”

காற்றில் முந்தானை விலகியது. இளையவள் அதை இழுத்து, வீங்கியிருந்த கன்னத்தை மூடினாள். மூத்தவள் பார்த்துவிட்டாள்.

“இதுவும் இடது கையாலதானா?”

“இல்லக்கா, இது கயிறு கெட்டுன கை. குடிக்க மாட்டேன்னுதான சத்தியம் பண்ணுனாரு? அடிக்க மாட்டேன்னு பண்ணலையே.”