தவளைக்குஞ்சுக்குள் வெளிச்சம்

பள்ளிக்கூடப் படிப்பு மட்டுமே உள்ள நான் எழுத வந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இலங்கையில் சண்டை முடிந்த வருடம், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ஒரு தகப்பனும் மகளும் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"வெளிநாட்டுக்குப் போறது பரவாயில்ல மகள். தவளையக் கொல்ற படிப்புக்கு நான் ஓம் சொல்ல மாட்டன். தவளையக் கொல்லப்படாதெண்டு நபி சொன்ன ஹதீஸ் இரிக்கி."

"கொல்ற இல்ல வாப்பா. அங்க ஆராய்ச்சிக்கு வளக்கிற தவளைக்குஞ்சுட ரத்தக்குழாய் பச்சையா ஒளிர்ற மாதிரி மரபணு சேர்த்திரிக்காங்க. வெட்டாம, உசிரோட வெச்சே குழாய் எப்பிடி வளருதெண்டு பாக்கலாம்."

"நம்மட ஊர் பாலமுனைக்கே கரண்ட் ஒழுங்கா இல்ல. தவளைக்குள்ள லைட்டா?"

மகள் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரத்தம் போகாமத்தானே உம்மாட கால் புண் ஆறுதில்ல. குழாய் வளர்ற விதம் தெரிஞ்சா அதுக்கும் ஒரு வழி வரும் வாப்பா."

நிந்தவூர் தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"பாத்து முடிஞ்சா குஞ்ச என்ன செய்யிற?"

"திரும்பவும் தொட்டியில விடுற."

"நீயே விடு. வேற ஆள்ட கையில குடுக்காத."

"ஓம் வாப்பா."

அடுத்த நாள் காலை, இருவரும் கொழும்பு பஸ்ஸில் ஏறுவதைக் கண்டேன்; மகளுக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போவதாக அவர் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.