ஏழாவது கேள்விக்கு நிரஞ்சனாவின் பதில்

திரு. சரத் அவர்களுக்கு,

சென்ற சனிக்கிழமை நீங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விசாரிக்க என் வீட்டுக்கு வந்தபோது போட்டுக் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே போய்விட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதற்காக வருந்துகிறேன்.

நீங்கள் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். ஒன்று, ஜோகூர் வீட்டுக் கடனுக்காக என் மனைவி நிரஞ்சனா கையெழுத்திட்ட காப்பீட்டுப் படிவம். தேதி பிப்ரவரி பதினாறு. அதில் ஏழாவது கேள்வி: மேற்கொண்டு பரிசோதனைக்கு வரும்படி எந்த மருத்துவ நிலையமாவது உங்களை அழைத்திருக்கிறதா? அவள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறாள். இன்னொன்று, அதே வருடம் அக்டோபரில் பாலிகிளினிக் டாக்டர் எழுதிய குறிப்பு. பிப்ரவரி முதல் வாரத்தில் வந்த அழைப்புக் கடிதம் கிடைத்தது என்றும், தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும் நோயாளி நிரஞ்சனாவே சொன்னதாக அதில் இருக்கிறது.

“ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தான் இருக்கணும் அங்கிள்” என்றீர்கள். “எப்படிப் பார்த்தாலும் எனக்கு டேலி ஆகலை லா.”

படிவத்தில் இருப்பது பொய் என்றால் காப்பீடு செல்லாது, கடன் அப்படியே நிற்கும், வீடு வங்கிக்குப் போய்விடும் என்பதையும் மரியாதையாகவே சொன்னீர்கள். சிக்கல் சின்னதுதான். ஆனால் இது விளங்க வேண்டுமானால் வெளிநாட்டில் வீடு வாங்குவது எப்படி நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். நீங்கள் காப்பீட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்தவர். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

நான் இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன். லிஃப்ட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டு. எல்லாப் பூட்டுகளும் விழுந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். பத்தாவது மாடிக் கதவு அரை விரல்கடை திறந்திருந்தாலும் இரண்டாவது மாடியில் நிற்கும் பெட்டி அசையாது. ஆட்கள் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு அங்கே இருக்காது. வெளிநாட்டவராக வீடு வாங்குவதும் இதே மாதிரிதான். சிங்கப்பூர்க்காரர்களான நாம் மலேசியாவின் ஜோகூரில் வெளிநாட்டவர். முதலில் விற்பனை ஒப்பந்தம், முன்பணம். அடுத்து வங்கிக் கடன். கடனுக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் காப்பீடு; ஒருவர் இறந்தால் கடனை அது அடைக்கும். பிறகு வெளிநாட்டவர் வாங்கலாம் என்று மாநில அரசின் ஒப்புதல். அது வந்த பிறகே வங்கி பணத்தை விடுவிக்கும், அந்த நாளில்தான் காப்பீடும் உயிர் பெறும். அதுவரை உடல்நிலை பற்றிப் புதிதாக எது தெரியவந்தாலும் எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒரு பூட்டு விழாவிட்டாலும் பெட்டி நகராது. எங்கள் முன்பணம் ஜனவரியிலேயே போய்விட்டது.

வீடு நிரஞ்சனாவுக்காக. இதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் சிராங்கூன் ரோட்டில் தோரணத்துக்கு மாவிலை வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் வேலை பார்த்த நகைக்கடையிலிருந்து நாலு கடை தள்ளி. “வாசல்ல ஒரு மாமரம் இருந்தா இதையெல்லாம் காசு குடுத்து வாங்கணுமா?” என்றாள். புக்கிட் மேராவில் நாங்கள் இருக்கும் பதினோராவது மாடியில் வாசலில் மரம் வைக்க முடியாது. சிங்கப்பூரில் தரைவீடு நம் கைக்கு எட்டாது. அக்கரையில் எட்டும். அவள் மனதில் இருப்பது எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டைப் பார்க்க ஒரே ஒரு முறை அழைத்துப் போனேன். ஜோகூருக்குக் கடக்கும் பாலத்தில் இரண்டு மணி நேரம் நெரிசல்.

“என்னங்க, இங்க வீடு வாங்கினா பாதிக் குடித்தனம் பாலத்துல, மீதி இமிகிரேஷன்லதான்” என்று சிரித்தாள்.

வீட்டைச் சுற்றி வந்தாள். சமையலறை பெரிது என்றாள். பிறகு வாசலில் நின்று தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“பஸ் ஸ்டாப் எங்கங்க இருக்கு?”

“கார் வாங்கிக்கலாம்.”

“நான் எங்க ஓட்டறது? கடையில பத்துப் பேர்கிட்டப் பேசிப் பழகின வாய். இங்க யார்கிட்டப் பேசறது, மாமரத்துகிட்டயா?”

புது இடம் என்றால் யாருக்கும் தோன்றுவதுதான். மண் அழுத்தம், வடிகால், கூரைச் சாய்வு எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். எதையும் நான் விளக்கினால் அவளுக்குப் பிடிக்கும். குளிர்பதனப் பெட்டி ஏன் பின்பக்கம் சுடுகிறது என்பது வரை கேட்பாள். “நீங்க சொன்னா புரியுதுங்க” என்பாள்.

எங்கள் வீட்டில் படிவங்களை நிரப்புவது எப்போதும் நான்தான். மகள் வைஷாலியின் பள்ளிப் படிவங்கள், பாஸ்போர்ட், வரி, எல்லாமே. நிரஞ்சனா கட்டங்களைப் பார்த்தாலே தாளை என் பக்கம் தள்ளிவிடுவாள். ஜனவரியில் சமூக மன்றத்தில் பெண்களுக்கான மார்பகப் பரிசோதனை வண்டி வந்தபோதும் அவளுக்காக நான்தான் நிரப்பினேன். தொலைபேசி எண் என்ற இடத்தில் வழக்கம்போல என் எண்ணைப் போட்டேன். கீழ்த்தளத்துக் கடிதப்பெட்டியின் சாவியும் என் சாவிக்கொத்தில்தான் இருந்தது.

கடிதம் பிப்ரவரி ஆறாம் தேதி, திங்கட்கிழமை வந்தது. ஒரே பக்கம். படத்தில் ஒரு நிழல் தெரிகிறது, பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, மேற்பரிசோதனைக்கு வரவும் என்று இருந்தது. பெரும்பாலும் ஒன்றுமிருக்காது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்துக் காப்பீட்டுப் படிவம். சமையலறையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஏழாவதுக்கு வந்தேன்.

“மேற்கொண்டு டெஸ்ட்டுக்கு வரச் சொல்லி உன்னை யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“என்னை யாரு கூப்பிடறா? சம்பந்தி வீட்லேயே கூப்பிட மாட்டேங்கறாங்க. இல்லன்னு போடுங்க.”

“நீதான் போடணும். உன் கையாலதான் டிக் பண்ணணும்.”

கீரை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு குறியிட்டாள். படிவத்தின் ஓரத்தில் லேசாகப் பச்சைக் கறை இருக்கும். மூலப்படியில் பாருங்கள்.

ஒப்புதல் மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றார்கள். மூன்று மாதத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் வராது என்று நான் படித்திருந்தேன். சாவி கைக்கு வந்த மறுநாளே அவளை அழைத்துப் போவதாக முடிவு செய்தேன். பரிசோதனை நிலையத்திலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள். அவள் வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறாள் என்று சொன்னேன். அதன் பிறகு அழைக்கவில்லை. மே மாதம் எங்கள் கோப்பு திரும்பி வந்தது. நிரஞ்சனாவின் பாஸ்போர்ட் காலாவதி ஆகப் போகிறதாம். புதிதாக எடுத்து மறுபடி அனுப்பினேன். மறுபடி வரிசையின் கடைசி. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வரிசை என்றால் அப்படித்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலை துவட்டிக்கொண்டே வந்தாள்.

“என்னங்க, இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்களேன்.”

தொட்டுப் பார்த்தேன்.

நாற்பத்தெட்டு வயதில் சுரப்பிகள் எப்படி மாறுகின்றன, நீர் கோத்துக்கொண்டு எப்படிக் கட்டியாகத் தெரியும், எப்படித் தானாகவே வடிந்துவிடும் என்று அவளுக்கு விளக்கினேன். ஒரு தாளில் படம்கூடப் போட்டுக் காட்டினேன். நான் சொன்னவை எல்லாமே உண்மையான தகவல்கள். சிலருக்கு அப்படித்தான் நடக்கும்.

“அப்ப டாக்டர்கிட்ட போக வேணாமா?”

“போகலாம். வீட்டு வேலை முடியட்டும்.”

“சரி. நீங்க சொன்னா சரிதான்.”

அக்டோபர் பதினெட்டாம் தேதி வங்கி பணத்தை விடுவித்தது. பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு நாங்கள் பாலிகிளினிக்கில் இருந்தோம். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

டாக்டர் இளவயதுச் சீனப் பெண். கணினித் திரையைப் பார்த்தார். பிப்ரவரியிலேயே கடிதம் அனுப்பியிருக்கிறார்களே, கிடைக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நிரஞ்சனா திரும்பி என்னைப் பார்த்தாள். அதிக நேரம் இல்லை. லிஃப்ட் பெட்டி ஒரு மாடி ஏறுகிற நேரம். பிறகு டாக்டரிடம் திரும்பி, கிடைத்தது டாக்டர், நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று தன் கடை ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் அதை அப்படியே தட்டச்சு செய்தார். உங்களிடம் இருக்கும் இரண்டாவது தாள் அதுதான்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். இரண்டு பஸ்களை விட்டுவிட்டாள்.

“எப்ப வந்துச்சு?”

“பிப்ரவரி ஆறு.”

“அந்தக் கேள்வியை நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க.”

“ஆமாம்.”

“படிக்கும்போது குரல்கூட மாறலையே” என்றாள். கோபம் எதுவும் இல்லை. ஒரு கருவி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டவள் மாதிரி தலையாட்டினாள். “வைஷாலிகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்கு அம்மாவும் இல்லாம அப்பாவும் இல்லாம போயிடும்.”

அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். மருந்து, கதிர்வீச்சு என்று எல்லாவற்றுக்கும் நான்தான் கூடப் போனேன். ஒவ்வொரு மருந்தும் என்ன செய்கிறது என்று படித்து வைத்திருந்தேன். அவள் ஒருமுறைகூட எதையும் விளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் போய்விட்டாள். ஜோகூர் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஆனால் வீடு அவள் பெயரிலும் இருக்கிறது. அவள் வீட்டைப் பொய் சொல்லி வாங்கியவள் என்று உங்கள் கோப்பில் எழுதினால் என்னால் தாங்க முடியாது.

உங்களுக்குத் தேவையான சான்றுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். அழைப்புக் கடிதத்தின் மூலப்படி, என் பெயர் போட்ட கடிதப்பெட்டிச் சாவியின் ரசீது. நிலையத்தின் இரண்டு அழைப்புகளுக்கும் பதிவு இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், பேசுவது ஆண் குரல். இதன் நகல் வாரிசு என்ற முறையில் வைஷாலிக்கும் போகும் என்று உங்கள் விதிகளில் படித்தேன். நிரஞ்சனா வேண்டாம் என்று சொன்னதுதான். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே உங்கள் சிக்கலுக்கு விடை இது. இரண்டு தாள்களில் பொய்யானது டாக்டரிடம் சொன்னதுதான். அதை அவள் எனக்காகச் சொன்னாள். ஏழாவது கேள்விக்கு அவள் சொன்ன பதில் முழுக்க உண்மை. ‘இல்லை’ என்று அவள் உண்மையாகச் சொல்ல வேண்டுமானால் அவளுக்கு அந்தக் கடிதம் வந்தது தெரிந்திருக்கக் கூடாது. அதனால் நான் அதை அவளிடம் காட்டவில்லை.

இப்படிக்கு,
ராமலிங்கம்