கக்கூஸில் ஊதுபத்தி

"நேத்து நம்ம மார்க்கெட்டு கக்கூஸ்ல ஊதுபத்தி ஏத்தி வச்சிருந்தாங்கோ."

சாந்தோமில் கூடையோடு பஸ் ஏறி, என் முன் இருக்கையில் உட்கார்ந்த இரண்டு மீன்காரப் பெண்களில் மூத்தவர் சொன்னார்.

"இன்னாக்கா சொல்ற? அது கட்டுனதுலருந்து பூட்டித்தானே கீது?"

"நேத்து நீ யாவாரத்துக்கு வரலல்ல, கட்டுனதெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்க சட்டசபைலருந்து எம்எல்ஏ குழு வந்துச்சு. சாவி எங்க கீதுன்னே எவனுக்கும் தெரியல. காலைல பூட்ட ஒடச்சி, லாரில தண்ணி கொணாந்து தொட்டிய ரொப்புனாங்கோ."

"உன்னாண்ட எதுனா கேட்டாங்களா?"

"பைப்புல தண்ணி வருதாம்மா, லைட்டு எரியுதாம்மான்னாங்கோ. ஆபீசருங்க சுத்தி நிக்கிறாங்கோ. எல்லாம் நல்லா கீது சார்னேன். எழுதிக்கினாங்கோ."

"பூட்டிக் கெடந்தத சொல்றதுதானே?"

"எப்போ தொறந்தாங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அத மட்டும் ஒருத்தரும் கேக்கல."

பஸ் லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றது. வெயில் ஏறியிருந்தது. இளையவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடித்துவிட்டு நீட்டினார். மூத்தவர் அதைத் தள்ளிவிட்டார்.

"வேணாம்டி. யாவாரம் முடிஞ்சி வூட்டுக்குப் போற வரைக்கும் நான் தண்ணி குடிக்க முடியாது. சாயங்காலமே புதுப் பூட்டு போட்டுட்டாங்கோ."