பசவனகொப்பலுவின் சிறுத்தை

ஐம்பது வயதில் ஒருவன் கேமரா வாங்கினால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் மனைவி வினோதாவும் அப்படித்தான். "சீட்டாடப் போறதுக்கு இது மேல்" என்று தன் தங்கையிடம் சொன்னாள். மண்டியாவில் இருக்கிற என் பெயின்ட் கடையை மச்சான் பார்த்துக்கொண்டான். வெயில் தாழ்ந்ததும் நான் லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். முதலில் மீன்கொத்தி, நாரை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பசவனகொப்பலு பாறைக்குன்றில் ஒருநாள் அந்தச் சிறுத்தையைப் பார்த்தேன்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன், ரேஞ்சர் சார்.

சிறுத்தை நமக்காக வராது. அது வருவதற்கு நாம்தான் ஏதாவது வைக்க வேண்டும். கோழிக்கடையில் கழிக்கிற தலையையும் குடலையும் வாங்கி, குன்றின் பின்பக்கம் மேற்கு வெயில் விழுகிற பாறையில் போட்டேன். வீணாகப் போவதை ஒரு பிராணிக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அது வெளிச்சம் இருக்கும்போதே வரப் பழகிவிட்டது.

முதலில் சந்தேகப்பட்டவள் வினோதா. "ஏங்க, கார் டிக்கி ஏன் இப்படி நாறுது? கொக்குப் படம் எடுக்கிறவருக்குக் கோழிக்குடல் எதுக்கு?"

"மீன் பிடிக்கிறவங்களை ஏத்திட்டு வந்தேன்" என்றேன். அன்று முதல் அவள் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போட்டாள்.

அடுத்தவர் ரங்கப்பா, எங்கள் புகைப்படக் குழுவில் மூத்தவர். "ஏம்ப்பா ஜெயண்ணா, எங்களுக்கு வாலைக்கூடக் காட்டாத சிறுத்தை உனக்கு மட்டும் ஸ்டூடியோவுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கே. எங்க எடுத்தே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பந்திப்பூர் பக்கம் என்றேன்.

"எல்லாப் படத்துலயும் தலையக் குனிஞ்சு தின்னுக்கிட்டே இருக்கு. பார்வையே இல்லையே."

அது நியாயமான பேச்சு. குடல் சத்தம் போடாது. சத்தம் கேட்டால்தான் சிறுத்தை தலை நிமிரும். ஊர்த்தெருவில் நாய்க்குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. எந்தக் குட்டியையும் வெறும் கயிற்றால் நான் கட்டியதில்லை, சார். கழுத்து அறுபடக் கூடாதென்று பழைய துணியைச் சுற்றித்தான் கட்டினேன்.

புட்டதாயம்மா பசவனகொப்பலுவில் ஆடு மேய்ப்பவள். ஒருநாள் என் காரை நிறுத்தினாள். "ஸ்வாமி, நீங்க தினம் குன்றுப் பக்கம் போறீங்க. நாய்க்குட்டிங்க ஒண்ணொண்ணாக் காணாமப் போகுது. சிறுத்தை கிறுத்தை கண்ணுல பட்டுச்சா? பட்டிருந்தா சொல்லிடுங்க. யாராவது பார்த்திருந்தாத்தான் கூண்டு வைப்போம்னு காட்டிலாகாவுல சொல்றாங்க."

"நான் எதையும் பார்க்கலையேம்மா. டவுன்காரங்க யாராவது வளர்க்கத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

"எங்க ஊரு சொறிக்குட்டியையா? டவுன்ல அவ்வளவு பஞ்சமா?" அவள் என் முகத்தைப் பார்க்காமல் பின் சீட்டில் கிடந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூண்டு வைத்தால் அதைப் பிடித்து எங்கோ கொண்டுபோய் விடுவார்கள். பழகாத காட்டில் அது எப்படிப் பிழைக்கும்? ஒரு உயிரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன்.

நீங்கள் கேட்கிற அந்த நாளில் கட்டியது யாருடைய குட்டி என்று தெரியாது என உங்களிடம் முதலில் சொன்னேன். தெரியும். புட்டதாயம்மாவுடையது. அவள் வீட்டு வாசலில் மற்றவற்றைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்த குட்டி அது.

வெயில் மஞ்சளாகும் நேரம். "மல்லி, மல்லி" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் குன்றின் பின்பக்கம் வந்தாள். குட்டி பதிலுக்குக் கத்தியது. நான் புதருக்குள் வலைத்துணி மறைவில் படுத்திருந்தேன். சிறுத்தை அவளுக்கு நேர் மேலே, பாறை விளிம்பில் நின்றது. காதுகள் முன்னால் நிமிர்ந்து, கண் நிறைய வெயிலோடு. ரங்கப்பா கேட்ட பார்வை.

கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தினால் சிறுத்தை மிரளும். மிரண்ட சிறுத்தை எத்தனை ஆபத்தானது என்று உங்களுக்கே தெரியும்.

அவள் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். கழுத்துத் துணியைத் தடவினாள். "அடப்பாவிங்களா, இதை யாரோ கட்டிப் போட்டிருக்காங்களே" என்றாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, நான் இருந்த புதரைப் பார்த்தாள். "ஸ்வாமி?" என்றாள்.

நான் அசையவில்லை. அவள் நின்றிருந்தால் ஒருவேளை சிறுத்தை பாய்ந்திருக்காது. உட்கார்ந்தது அவள் செய்த தவறு.

அது அவளைக் கரும்புக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போன பிறகு, குட்டியை அவிழ்த்துவிட்டது நான்தான். தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படங்களை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். கூர்மையாக இருப்பது சிறுத்தையின் கண் மட்டும்தான். கீழே இருக்கிற புட்டதாயம்மா வெறும் நிறமாகக் கலங்கிப்போயிருக்கிறாள். மூக்கு, வாய் எதுவும் தெரியாது. எது கூர்மையோ அதைத்தான் எடுத்தவன் பார்த்திருப்பான் என்று படம் எடுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவளை நான் பார்க்கவே இல்லை, சார்.