சுண்ணாம்பு கேட்ட யட்சி

வாட்சை மறுநாள் கொடுத்திருக்கலாம். பல்லையாவது கழற்றி வைத்துவிட்டு ஓடியிருக்கலாம். நெடுமங்காடு ரோட்டுப் பொழுதுபோக்குப் பூங்காவின் ‘யட்சிக் குகை’யில் எட்டு மாதமாக யட்சி வேஷம் கட்டும் ரத்னாபாய், மலையாளம் கலந்து பேசும் மானேஜர் சிபியின் மேஜைக்கு முன்னால் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் மறுபடியும் சாலைக் கம்போளச் சந்தைத் துணிக்கடைதான். பக்கத்தில், ஆட்களை ஏற்றிக் குகைக்குள் வண்டி தள்ளும் லிங்கம் அறுபது வயதையும் மறந்து சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தார்.

— அண்ணாச்சி, சிரிக்கல்லே! சேச்சி, நீங்க பறையணும். அந்தச் சார் நேத்து எதுக்கு வாட்சைத் தந்தாரு?

— நான் வாட்சைக் கேக்கல்ல சாரே. யட்சி குடியிருக்குற பாலமரத்துக்குப் பின்னாலேருந்து வந்து, எல்லா யட்சியும் கேக்குறதைத்தான் கேட்டேன். ‘வெத்திலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு தருவியா?’ன்னு. அவரு பயத்துல வாட்சைக் கழட்டி என் கையில வச்சிட்டு, வண்டியிலேருந்து சாடி ஓடிட்டாரு.

— பெண்டாட்டி பிள்ளையளை வண்டியிலயே விட்டுட்டுல்லா ஓடினாரு!

— அண்ணாச்சி, மிண்டாம சும்மா இரி! பின்னே, சேச்சி?

— பின்னே என்ன? கஸ்டமர் சாமானை விட்டுட்டுப் போனா ஓடிப்போய்க் குடுக்கணும். துணிக்கடையில பத்தொம்பது வருஷப் பழக்கம். நானும் ஓடினேன்.

— பல்லும் வச்சு, முடியும் விரிச்சு, பகல் பதினொண்ணு மணிக்கோ சேச்சி!

— ‘சார், சார், நில்லுங்க’ன்னு மரியாதையாத்தான் கூப்பிட்டேன்.

— அவரும் மரியாதையாத் திரும்பிப் பாத்தாரு சாரே. பாத்துட்டு ஐஸ்கிரீம் வண்டி மேல சரிஞ்சவருதான். தலை பூராவும் வெனிலா!

— என்டெ தெய்வமே! ஆளு பேங்கிலே வலிய ஆபீசர். ரெண்டு பேஜ் கம்ப்ளெயின்ட் எழுதியாச்சு. குட்டிகள் பயந்துபோச்சாம்.

— பிள்ளையளா? அதுங்க அப்புறம் மூணு தடவை வந்துச்சு சாரே. சின்னது என் பல்லைப் பிடிச்சு ஆட்டிப் பாத்துட்டு, ‘உனக்கும் ஆடுதா?’ன்னு கேட்டுச்சு.

— எந்தாயாலும் சரி, முதலாளி பறஞ்சாச்சு. இனி பேமிலிக்கு ஏத்த யட்சி மதி, அது போதுமாம். பேய் இருக்கட்டும், பயம் வேண்டாம்னு.

— காரமில்லாத மீன்கறில்லா கேக்காரு!

— சேச்சிக்கு வேலை போகல்ல, கேட்டோ. வேஷம் மட்டும் மாத்தணும்.

— அப்பாடா! சொல்லுங்க சாரே. என்ன வேணும்னாலும் செய்யலாம்.

— வெள்ளைச் சேலை வேண்டா. ரோஸ்.

— கட்டிக்கிடலாம்.

— பல்லும் வேண்டா.

— நல்லதாப் போச்சு. வாயெல்லாம் புண்ணு.

— முதுகுல சிறகு ரெண்டு. தெர்மோகோல்.

— பறக்கணுமா சாரே?

— ஐயோ, வேண்டா! சும்மா நின்னா மதி. சுண்ணாம்பு கேக்கண்டா. குட்டிகளுக்கு மிட்டாய் கொடுக்கணும்.

— பேய் வேஷம் கட்டுறேன்னு எங்க சர்ச்சு பாஸ்டரம்மா இனி என்னைத் திட்ட மாட்டா. குடுக்கலாம்.

— அப்புறம், வண்டி பக்கத்துல வரும்போ எல்லாரையும் பாத்து ஒரு சிரி. அவ்வளவேயுள்ளூ.

— அது மட்டும் வேண்டாம் சாரே.

— சேச்சி?

— என்னட்டி ரெத்னா, சிறகையே சம்மதிச்சாச்சு. சிரிக்க என்ன?

— துணிக்கடையில கால் கடுத்தாலும் சிரிக்கணும் அண்ணாச்சி. நூறு சேலையை விரிச்சுப் போட்டுப் பாத்துட்டு, ஒண்ணும் எடுக்காமப் போறவளைப் பாத்தும் சிரிக்கணும். எங்கம்மை செத்து நாலாம் நாள் வேலைக்குப் போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பாத்துட்டு, ‘சிரி எவிடே?’ன்னு கேட்டாரு. சிரிச்சேன். இங்க வந்த பிறகுதான் எனக்குத் தாடை வலிக்கல்ல.

— இதொரு சின்னக் காரியமில்லே சேச்சி? இன்னைக்கு உச்சைக்கு, பன்னெண்டு மணிக்கு முதலாளி பாக்க வருவாரு. சிரிச்சில்லேங்கில் வேற ஆளைப் போடச் சொல்லுவாரு. ஞான் என்ன செய்ய?

— நீங்க ஒண்ணும் செய்யண்டாம் சாரே. சிறகைத் தாங்க, கட்டிக்கிட்டு நிக்கேன். சிரிக்க மாட்டேன்.