கடைசிப் பாட்டு வரை

நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் முதலில் தெரிய வருவது, வீட்டில் எத்தனை சாமான்கள் தளர்ந்து கிடக்கின்றன என்பதுதான். ஜன்னல் கண்ணாடி, சுவர்க் கடிகாரம், அலமாரிக் கதவு, எல்லாம் கூடவே பாட ஆரம்பித்துவிடும். எலெக்ட்ரானிக் இசை கேட்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. அந்த இசையில் பேஸ் என்கிற தாழ்ந்த அதிரொலி அதிகம், காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்துவிடும்.

அதற்காகத்தான் அந்த அறையைப் போட்டேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், டேப் வைத்து அளந்தும் இருப்பீர்கள். என் தொழில் காது பரிசோதனை. ஆட்களைச் சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார வைத்து, மெல்லிய ஒலிகளை அனுப்பி, கேட்கிறதா இல்லையா என்று பார்ப்பேன். கிளினிக்கில் புது அறை போட்டபோது பழைய அறையின் கதவையும் பலகைகளையும் தூக்கிப் போட இருந்தார்கள். நான் அள்ளிக்கொண்டு வந்து வீட்டின் பின்னறையில் பொருத்தினேன். மூன்று பேர் முழங்கால் இடிக்காமல் உட்காரலாம்.

மூன்று பேர் என்றால் நான், பல் டாக்டர், மாப்பிள்ளை. மாப்பிள்ளை என் தங்கையின் கணவர். என்னோடு கல்லூரியில் படித்தவர்தான். கல்யாணத்துக்கு முன் வாடா போடா என்று இருந்தோம். அதற்குப் பிறகு அம்மா முகத்துக்காக வாங்க போங்க. அறைக்குள் மட்டும் பழையபடி ‘டா’ போட்டுக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, புதிதாக வந்த ஆல்பம் ஒன்று. முதலிலிருந்து கடைசிவரை பேசாமல், எதையும் தாண்டாமல் கேட்க வேண்டும். சண்டை எல்லாம் பிறகுதான். சத்தம் போடக்கூடிய எதுவும் உள்ளே வரக்கூடாது. போன், சாவி, சில்லறை எல்லாம் வெளியே ஒரு தட்டில் போய்விடும். மாப்பிள்ளைக்கு வீசிங் உண்டு. அவருடைய இன்ஹேலரும் தட்டில்தான். பாக்கெட்டில் கிடந்தால் அதன் மூடி கடகடக்கும் என்று அவரே கண்டுபிடித்து, அவரே வெளியே வைத்தார்.

கதவின் உள்பக்கக் கைப்பிடி போனதும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த சுருதி வந்தால் அது வண்டு மாதிரி முரலும். மாப்பிள்ளை என்னிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கிக் கழற்றினார். “கைப்பிடி வேணுமா, பேஸ் வேணுமா? நீயே முடிவு பண்ணு” என்றார். பிறகு, கழற்றிய கைப்பிடியை எங்களில் யாராவது மடியில் வைத்துக்கொள்வோம். ஆல்பம் முடிந்ததும் ஓட்டையில் செருகித் திருகினால் கதவு திறக்கும். வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, அங்கேயும் அதே ஓட்டைதான். காற்று வரும் துளையை ஃபோம் வைத்து அடைத்தது பல் டாக்டரின் யோசனை. கொஞ்சம் புழுங்கும், அவ்வளவுதான். இதெல்லாம் மூன்று பேரும் சேர்ந்து செய்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

சண்டைகள் நன்றாக இருக்கும். போன வருஷம் ஒரு ஆல்பம் வந்தது. முதல் பாட்டு முழுக்க ஒரே சுருதி, நகரவே நகராது. மாப்பிள்ளை, “பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரி இருக்குடா. வரும் வரும்னு பாத்துட்டே இருக்கேன்” என்றார்.

“பஸ் வந்துச்சு. நீ தூங்கிட்ட” என்றார் பல் டாக்டர்.

“வந்தது வேற ரூட்டு பஸ்ஸு.”

அது பொறுமையா சோம்பேறித்தனமா என்று இருட்டும்வரை வாதம் நடந்தது. பல் டாக்டர் எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுவார். ஆகவே தீர்ப்பு சொல்வது மாப்பிள்ளைதான். அவர் நல்லது என்றால் அந்த ஆல்பம் எங்களுக்கு நல்லது. அவர் உதட்டைப் பிதுக்கினால் அதை மறுபடி போட எனக்கே கை வராது. எனக்குப் பிடித்த எத்தனையோ அப்படிப் போயின. ஊர் முழுக்க இசை கேட்கிறவர்கள் இருக்கலாம். எனக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிக் காதுதான்.

நானும் ஒரு ஆல்பம் செய்தேன். யாருக்கும் தெரியாது. கிளினிக் முடிந்து வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருஷக்கணக்காகச் செய்தது. அதை யாரோ வெளிநாட்டுக்காரர் போட்டது என்று ஒரு பெயர் வைத்து, அட்டைப்படம் எல்லாம் தயார் செய்து, ஒரு ஞாயிறு அவர்களுக்குப் போட்டேன். இரண்டாவது பாட்டு பாதியில் மாப்பிள்ளை கையை நீட்டி நிறுத்தினார். எங்கள் விதியை அவர் மீறியது அதுதான் முதல் தடவை.

“இதப் போட்டவனுக்குக் காது இருக்கா, இல்ல வாடகைக்கு விட்டுட்டானா?”

பல் டாக்டர் சிரித்தார். நான், “முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுடா. கடைசிப் பாட்டுக்குத்தான் மத்தது எல்லாமே” என்றேன்.

“கடைசி வரைக்கும் கேக்கணும்னா, ஆளை உள்ள வச்சுப் பூட்டணும்.”

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். வலித்தது, ஆனாலும் சிரித்தேன். அந்த வாரம் காது சோதிக்க வந்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சிரிப்பு மண்டைக்குள் வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. பாதி கேட்டவரின் தீர்ப்பு செல்லாது என்றுதான் நினைத்தேன். எந்த நியாயமான ஆளும் அப்படித்தான் நினைப்பார்.

அடுத்த ஞாயிறு பல் டாக்டர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாப்பிள்ளை மட்டும் வந்தார். மூக்கு அடைத்திருந்தது, படி ஏறியதற்கே இளைத்தார். வழக்கம்போலத் தட்டில் எல்லாவற்றையும் வைத்தார். புது ஆல்பம் ஒன்று இருக்கிறது என்றேன். உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினேன், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சைகை காட்டினேன், கைப்பிடியோடு வெளியே வந்தேன், கதவைச் சாத்தினேன். போன வாரம் பாதியில் நிறுத்திய அதே ஆல்பம்தான் என்று முதல் சுருதியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். காது அப்படி.

வேறு எதுவும் நான் செய்யவில்லை. தட்டு இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. இன்ஹேலரை வெயிலில் வைக்கக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும், அதனால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

கதவில் காது வைத்தால் எதுவும் கேட்காது. அவ்வளவு நல்ல கதவு. உள்ளங்கையை வைத்தால் தெரியும். முதல் பாட்டு முடியும்வரை பேஸ் மட்டும் வந்தது. நான் திரும்பி வருவேன் என்று அவர் காத்திருந்திருக்க வேண்டும். இரண்டாவது பாட்டில் தட்ட ஆரம்பித்தார். தாறுமாறான தட்டல், பாட்டோடு ஒட்டவே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அப்போது தட்டில் அவர் போன் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. உடனே என் போனில் தங்கை வந்தாள்.

“அண்ணே, அவர் போனே எடுக்கலியே?”

“உள்ள பாட்டு கேட்டுட்டிருக்கார்மா.”

“காலைல இருந்தே இழுத்துட்டிருந்துச்சு. நான் சொல்லச் சொல்லக் கேக்காம கிளம்பி வந்துட்டார். இன்ஹேலர் கொண்டாந்திருக்காரா?”

“இருக்கும்மா” என்றேன். பொய் சொல்லவில்லை.

“சரிண்ணே. சீக்கிரம் அனுப்பிவை.”

அவள் குரல் எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். நிம்மதியானாள் என்று கேட்கும்போதே தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் கைப்பிடியை ஓட்டையில் செருகினேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. அப்போது திறந்தால் என்ன சொல்வார்? கோபத்தில் ஒரு தீர்ப்பு சொல்வார், அதுவும் பாதி கேட்ட தீர்ப்பாகத்தான் இருக்கும். அது அவருக்கும் நியாயமில்லை, எனக்கும் நியாயமில்லை. கைப்பிடியை உருவி எடுத்துவிட்டேன்.

பல் டாக்டர் உங்களிடம் நாங்கள் உயிர் நண்பர்கள் என்று சொன்னாராம். உண்மைதான். விரோதி என்றால் அவர் கருத்துக்காக நான் ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஆகவே ஆமாம், உள்ளே வைத்துச் சாத்தியது நான்தான். கைப்பிடி என் சட்டைப் பையில் இருந்தது. மருந்து என் கையில் இருந்தது. மூச்சு முட்டும் என்று தெரியும், முட்டிக்கொண்டிருக்கிறது என்றும் தெரியும். தெரிந்தேதான் கதவில் கை வைத்து, ஆல்பம் முடியும்வரை நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் தங்கையிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நான் பேசினால் அவள் கேட்பதில்லை. நாலாவது பாட்டிலிருந்து அவர் தட்டல் மாறியது. அவசரம் போய்விட்டது, ஒரு அளவுக்கு வந்துவிட்டது. கடைசிப் பாட்டு வேகம் குறைந்துகொண்டே போகும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடம் கூடிக்கொண்டே போய், தானாக நின்றுவிடும். காது கொடுத்துக் கேட்காத யாராலும் அதோடு சேர்ந்து தட்ட முடியாது. அவர் தட்டினார். மெதுவாக, இன்னும் மெதுவாக, ஒரு அடிகூடப் பிசகாமல் என் கூடவே வந்து, நான் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினார். அவருக்குப் பிடித்திருந்தது.